தெரிந்தே திருப்பிய கடிதம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
24.3.65

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேற்று அப்பாவின் நீலப் பென்சில் நுனி முறிந்துவிட்டது. அவர் அழுத்தி எழுதுகிறவர் அல்ல. துறைமுகக் களஞ்சியத்தில் இருபத்தாறு வருடமாகப் பெட்டிகளில் இலக்கம் போடுகிற கை அது. சிங்களத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. வழக்கம்போல உறையைத் திறக்காமல், மேலே ‘தமிழில் எழுதி அனுப்புக’ என்று எழுதித் தன் பெயரையும் போட்டுத் திருப்பினார். ‘தமிழில்’ என்ற சொல் முடிந்ததும் நுனி போய்விட்டது. பேனாக்கத்தியால் சீவி, மிச்சத்தை எழுதினார். அரசாங்கக் கச்சேரி வாசலில் தமிழுக்காகச் சத்தியாக்கிரகம் இருந்த காலம் தொடக்கம் நாலு வருடமாக இந்த வீட்டிலிருந்து எத்தனையோ கடிதங்கள் அப்படித் திரும்பிப் போயிருக்கின்றன. பென்சில் முறிந்தது இதுதான் முதல் தடவை. அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை தேர்தலன்று அப்பா காலையில் சாப்பிடவில்லை. இந்த ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலும் உள்ள பெண்களை இரண்டு தரமாகச் சாவடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்களுடைய தமிழ்க் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு நேரே எப்படிப் புள்ளடி போடுவதென்று ஒரு காகிதத்தில் குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடு கீறிக் காட்டினார். இரத்தினேஸ்வரி அக்காவின் மாமிக்கு மூன்று தரம் காட்ட வேண்டியிருந்தது. எங்களுடைய ஆள் வென்றுவிட்டார். ஆனால் கொழும்பில் எந்தப் பெரிய கட்சிக்கும் ஆட்சி அமைக்க ஆசனம் போதாதாம். இரண்டு பக்கமும் எங்களுடைய கட்சியைக் கூப்பிடுகிறதாம்.

அப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். ரேடியோ நிறுத்தியிருக்கும்போதும் அங்கேதான் இருக்கிறார். முத்தலிப் நானா வேலையால் வரும்போது படலையில் நின்று, “பாக்கியம், எந்தப் பக்கம் தாவுறதாம்?” என்று கேட்டார். அப்பா, “தாவிறதுக்கு நாங்கள் என்ன குரங்கே?” என்றார். நானா, “அதுவும் ரேடியோவில சொல்லுவாங்க, இரி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தைப்பொங்கலுக்குப் பிறகு அப்பா உங்கள் பெயரைச் சொல்வதில்லை. உங்கள் பெட்டியில் அந்தச் சிங்களப் பாடப்புத்தகத்தைக் கண்ட கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் நீங்கள் எழுதும் கடிதங்களை நான் அலுமாரிக்கு மேலே வைத்தால், பிறகு பார்க்கும்போது வேறு மாதிரி மடித்திருக்கும்.

உங்கள் தங்கை,
புஸ்பம்

*

கொழும்பு.
27.3.65

அன்புள்ள புஸ்பம்,

உனக்கு ஒன்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஏப்ரல் பத்தாம் திகதி சனிக்கிழமை அரசாங்க ஊழியருக்கான சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை. எனக்கு இதுதான் கடைசித் தவணை. இரண்டு முறை போகாமல் விட்டதால் சம்பள ஏற்றத்தை நிறுத்திவிட்டார்கள். இந்த முறையும் எழுதாவிட்டால் வேலை இல்லை. இந்த முறை விண்ணப்பித்திருக்கிறேன். அனுமதி அட்டை நான் தங்கியிருக்கும் போடிங்குக்கு வந்தால் அறையிலுள்ள மற்ற மூன்று பேரும் காண்பார்கள். மூன்று பேரும் பரீட்சை எழுதுவதில்லை என்று சத்தியம் செய்தவர்கள். நானும் அவர்களோடு சேர்ந்து செய்தவன்தான். அதனால் வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். தபால்காரர் வரும் நேரம் அப்பா வேலையில் நிற்பார், நீதான் வாங்குவாய், வாங்கினால் எனக்கு அனுப்புவாய் என்று நினைத்தேன்.

மண்ணிற உறை. மேலே சிங்கள எழுத்து. பெயர் மட்டும் இங்கிலீசில் தட்டச்சு. வந்ததா? உடனே எழுது.

இங்கே நான் வேலை செய்யும் கந்தோர் ஒரே கூத்து. எங்களுடைய கட்சி அரசாங்கத்தில் சேர்ந்த செய்தி வந்த மறுநாள், எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற சிங்களத் தலைமை எழுதுவினைஞர் என் மேசையில் ஒரு தட்டுப் பாற்சோறு கொண்டுவந்து வைத்தார். தோற்ற கட்சிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “இனி உங்கட ஆட்களிடம்தான் லீவு கேட்க வேண்டும்போல” என்றார். நேற்றுவரை என்னோடு ஒரு சிகரெட்டைப் பங்கு போட்டவர். பாற்சோற்றைத் தின்றாலும் குற்றம், தின்னாவிட்டாலும் குற்றம். தின்றேன். பசி.

போடிங்கில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒருவன், பரீட்சையை ஒழிப்பதுதான் கட்சி வைத்த முதல் நிபந்தனை என்கிறான். மற்றவன், அப்படி ஒரு சொல் எங்கே அச்சில் இருக்கிறது, காட்டு என்கிறான். காட்ட ஒருவரிடமும் இல்லை.

அண்ணா,
யோகராசா

*

திருகோணமலை.
29.3.65

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்தது. பென்சில் முறிந்ததென்று நான் எழுதியது அந்த உறையில்தான்.

செவ்வாய்க்கிழமை அப்பா லீவில் வீட்டில் நின்றார். வாக்கு எண்ணிய முழு இரவும் அவர் படுக்கவில்லை. தபால்காரர் படலையில் மணி அடித்தார். நான் வாங்கினேன். அப்பா கையை நீட்டினார், கொடுத்தேன். அவர் எழுதித் தந்தார். தபால்காரர் படலையிலேயே காத்து நின்றார், அப்பாவின் லீவு நாட்களில் அவருக்கும் இது பழக்கம்தானே. நான் அவருடைய கையில் கொடுத்தேன். பெயரை நான் பார்த்தேன் அண்ணா. உங்கள் பெயரை வாசிக்கிற அளவு இங்கிலீசு எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. கடையில் மிச்சக் காசு குறைவாகத் தந்தாலும் எனக்கு வாய் வராது, உங்களுக்குத் தெரியும். ஆனால் இது கடை அல்ல என்று அப்போதே தெரிந்தது.

அப்பா பெயரைப் பார்த்தாரோ தெரியாது.

இன்று காலை இரத்தினேஸ்வரி அக்காவும் நாலு பெண்களும் வந்தார்கள். நான் குசினி அடுப்படியில் நின்று கேட்டேன். அக்கா கதிரையில் இருக்க மாட்டேன் என்றுவிட்டார்.

“அண்ணை, போன கிழமை வரைக்கும் அவங்களுக்குப் போட்டால் கை அழுகும் எண்டு சொன்னனீங்கள். இப்ப நாங்கள் உங்களுக்குப் போட்ட புள்ளடி நடந்து நடந்து அவங்களிட்டத்தானே போயிருக்கு.”

“நிபந்தனையோட போயிருக்கினம் பிள்ளை. சும்மா போவினமே?”

“என்ன நிபந்தனை?”

“எல்லாத்தையும் சந்தியில நிண்டு சொல்லேலாது.”

“புள்ளடி போடச் சொல்லேக்க சந்தியில நிண்டுதானே சொன்னனீங்கள்.”

ஒரு பெண் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. “எனக்கும் முழுக்கத் தெரியாது” என்றார். அண்ணா, அப்பா தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. அக்காவின் குரல் உடனே இறங்கிவிட்டது. “அப்ப கேட்டுச் சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு அப்பா தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “முதல் நிபந்தனை பரீட்சைதான். சிங்களம் படிக்காத பெடியன் ஒருத்தனுக்கும் வேலை போகாது. ஒரு மாதம் பொறுக்க வேணும்” என்றார். அறையில் நான் மட்டும்தான் நின்றேன். எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

புஸ்பம்

*

கொழும்பு.
1.4.65

புஸ்பம்,

உன்னுடைய கடிதத்தை வாசித்து ஒரு நாள் எழுதாமல் இருந்தேன். முதலில் எழுதியதைக் கிழித்துப்போட்டேன்.

நீ செய்ததை என்னால் நம்ப முடியவில்லை. என் பெயரைப் பார்த்துவிட்டுக் கொடுத்திருக்கிறாய். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சரி. அதை விடு. நானும் ஒரு சொல் சொல்லாமல்தான் விட்டேன்.

நேற்றுப் பரீட்சைக் கந்தோருக்குப் போனேன். உறை அங்கே என் பெயர் போட்ட கோவையில் கிடக்கிறது. அப்பாவின் நீல எழுத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டேன். அதற்குக் கீழே யாரோ சிவப்பு மையால், பெற மறுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். மறுத்தது நான் என்றுதான் கணக்கு. அங்கே இருந்த வயதான எழுதுவினைஞர் நல்ல மனிதர். சொன்னார்: உறையில் யாருடைய கையொப்பம் இருக்கிறதோ அவர், அதைத் திருப்பியது தான்தான், பரீட்சார்த்திக்கு அது தெரியாது என்று எழுதிக் கையொப்பமிட்ட தாளை எட்டாம் திகதிக்குள் நான் கொண்டுபோய்க் கொடுத்தால் புதிய அட்டை தரலாமாம். தவறுதலாகத் திருப்பியதென்று எழுதினால் இன்னும் நல்லது என்றார்.

ஆகவே அப்பாவின் கையொப்பம் வேண்டும். நான் அவரிடம் கேட்க மாட்டேன். பொங்கலன்று எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, “ரெண்டு பாசை படிச்சவனுக்கு ரெண்டு வீடு வேணும், இது ஒரு பாசை வீடு” என்று சொன்னவர். இப்போது அவருடைய கட்சி எந்தப் பாசையில் கதைத்து அரசாங்கத்தில் சேர்ந்தது என்று கேட்க எனக்கு நா துடிக்கிறது. கேட்டால் கையொப்பம் வராது. நீதான் கேட்க வேண்டும்.

யோகராசா

*

திருகோணமலை.
3.4.65

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்னும் கேட்கவில்லை. மூன்று தரம் வாசல்வரை போனேன். ஒரு தரம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அப்பாவுக்கு இந்த நாட்களில் நிம்மதி இல்லை. வேலைக்குப் போகும் வழியிலும் கேட்கிறார்கள், வரும் வழியிலும் கேட்கிறார்கள். சலூனில் பாதி முகம் வழித்த நிலையில் ஒருவர் சண்டை போட்டு எழும்பிப் போய்விட்டாராம். மற்றப் பாதியை வழிக்க மூன்று ஒழுங்கை தள்ளி வேறு சலூனுக்குப் போனாராம். முத்தலிப் நானா வந்து சொன்னார். அப்பாவைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார், அப்பா சிரிக்கவில்லை. பிறகு நானா சொன்னார்:

“கலியாணம் முடிஞ்சுது பாக்கியம். சாப்பாடும் போட்டாச்சு. சீதனம் என்னெண்டு மட்டும் பொண்ணூட்டுக்காரருக்குத் தெரியாது. இப்படி ஒரு கலியாணத்த நான் கண்டதில்ல.”

“உமக்குப் பகிடி.”

“பகிடி இல்ல மச்சான். நானும் உன்ட பேச்சக் கேட்டுத்தானே போட்டன். எங்கட ஊட்டுல ஆறு வோட்டு. நான் யாரிட்டக் கேக்கிற?”

அப்பா அதற்கு, செவ்வாய்க்கிழமை பின்னேரம் மண்டபத்தில் கூட்டம் இருக்கிறது, கொழும்பிலிருந்து கட்சி ஆட்கள் வருகிறார்கள், நான் எழும்பிக் கேட்கிறேன் என்றார். நானாவும் தானும் வருவதாகச் சொன்னார்.

நான் ஒன்று நினைத்தேன். திருப்பியது நான்தான் என்று நானே எழுதட்டுமா? எட்டாம் வகுப்போடு நின்றவள், விளங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றால் நம்புவார்கள். அம்மா செத்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டதில் ஒரு பிரயோசனமாவது இருக்கட்டும். அப்பாவைக் கேட்கவும் வேண்டியதில்லை.

தாளில் எழுதியும் பார்த்தேன். எழுத்து வடிவாக வந்துவிட்டது. விளங்காதவள் எழுதியதுபோல இல்லை.

புஸ்பம்

*

கொழும்பு.
5.4.65

அன்புள்ள புஸ்பம்,

அப்படி எழுதாதே. உறையில் அப்பாவின் கையொப்பம் பெரிதாகக் கிடக்கிறது. உன்னுடைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய் என்று தெரிந்துவிடும், பிறகு ஒன்றுமே செய்ய ஏலாது. அதோடு, விளங்காதவள் என்று நீ கையெழுத்து வைத்த தாள் அரசாங்கக் கோவையில் கிடப்பதை நான் விரும்பவில்லை. என்னைவிட உனக்குத்தான் விளக்கம் கூட. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அப்பாவிடமும் கேட்காதே. போன கடிதத்தில் கோபத்தில் எழுதினேன், யோசிக்கவில்லை. அவர் துறைமுகத்தில் அரசாங்கச் சம்பளம் எடுப்பவர். அரசாங்கக் கடிதத்தைத் திருப்பினேன் என்று தானே எழுதிக் கையொப்பம் வைத்தால் அந்தத் தாள் எங்கே போகும், யாருடைய மேசைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. பென்சனுக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது. அந்த வயதான எழுதுவினைஞரிடம் கேட்டேன். ‘தவறுதலாக’ என்ற சொல் இருந்தால் பயமில்லை, இல்லாவிட்டால் தனக்குச் சொல்லத் தெரியாது என்றார்.

ஒருவேளை கட்சி உண்மையிலேயே பரீட்சையை நிறுத்திவிடும். ஒருவேளை நிறுத்தாது. போடிங்கில் என்னோடு சத்தியம் செய்த மூன்று பேரில் ஒருவன் இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதிப் பாஸ் பண்ணிவிட்டானாம். நேற்றுத்தான் தெரியவந்தது. கட்சி அரசாங்கத்தில் சேர்ந்தவுடன், இனி மறைக்கத் தேவையில்லை என்று தானே சொன்னான். அவனை அடிக்கப் போனார்கள். நான் தடுத்தேன். தடுத்ததற்காக என்னையும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

வேலை போனால் வீட்டுக்கு வருவேன். அப்பா படலையைத் திறப்பாரோ தெரியாது. நீ திறப்பாய்.

அண்ணா

*

திருகோணமலை.
7.4.65, காலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுப் பத்து மணிக்கு வந்தது. அப்பாவைக் கேட்க வேண்டாம் என்பதை வாசித்ததும் எனக்கு ஆறுதலாக இருந்தது. உங்களுக்காக அல்ல, எனக்காக. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடி அப்பாவின் பெயருக்கு ஒரு தாள் எழுதி, ‘தவறுதலாக’ என்ற சொல்லையும் போட்டு வைத்திருந்தேன். அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

அப்பா கூட்டத்திலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வந்தார். முத்தலிப் நானா கூடவே வந்தார். அப்பா நேரே கிணற்றடிக்குப் போய்விட்டார். நானா என்னிடம் மெதுவாகச் சொன்னார். மேடையில் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினாராம், எல்லோரும் கை தட்டினார்களாம். பிறகு அப்பா எழும்பி, பரீட்சை எழுதாத பெடியன்களின் சங்கதி என்ன என்று கேட்டாராம். கதைத்திருக்கிறோம், பொறுமையாக இருங்கள் என்றார்களாம். அப்பா, “எழுத்தில இருக்குதோ?” என்று கேட்டாராம். நம்பிக்கையில்தான் எல்லாம் நடக்கிறது என்று மேடையில் இருந்து பதில். அப்பா திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. “எழுத்தில இருக்குதோ எண்டுதான் கேட்டனான்” என்று திரும்பவும் கேட்டாராம். பின்னால் இருந்து ஒருவர், “பாக்கியரத்தினம் அண்ணைக்குத் தமிழில எழுதி அனுப்பட்டாம்” என்று சொல்ல, மண்டபம் முழுக்கச் சிரித்ததாம்.

“சிரிச்சவங்கள்ல பாதிப் பேரு உங்கட வாப்பாட பேச்சக் கேட்டு வோட்டுப் போட்டவங்க, மகள்” என்றார் நானா. தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

அப்பா வந்து ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தார். போடவில்லை. நான் அலுமாரியைத் திறந்து தாளை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியாது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவரிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கவும் பிடிக்கவில்லை.

“அப்பா, அண்டைக்குத் திருப்பின கடிதம் அண்ணாட.”

“தெரியும்.”

ரேடியோவின் மேல் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

“பேர் இங்கிலீசிலதானே அடிச்சிருந்தது. வெள்ளைக்காரனிட்ட வேலை செய்தனான், எனக்கென்ன வாசிக்கத் தெரியாதே?”

பார்த்தாரோ தெரியாது என்று உங்களுக்கு நான் எழுதியது பொய் அண்ணா. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்போட்டு, திரும்ப மாட்டி, பெயரை வாசித்ததை நான் கண்டேன். அதை எழுதினால் நீங்கள் இனி வீட்டுக்கு வரமாட்டீர்கள் என்று பயந்து எழுதாமல் விட்டேன்.

பரீட்சை, எட்டாம் திகதி, வேலை எல்லாவற்றையும் சொன்னேன். பென்சனையும் சொன்னேன். வேண்டாம் என்று நீங்கள் எழுதியதையும் சொன்னேன். இவ்வளவு நேரம் தொடர்ந்து நான் அப்பாவோடு கதைத்ததில்லை. தாளை வாங்கி வாசித்தார்.

“தவறுதலாக எண்டு ஆர் எழுதினது?”

“நான்.”

“அதை எடு.”

“அந்தச் சொல் இருந்தால்தான் உங்களுக்குப் பயமில்லையாம், அப்பா.”

“நாலு வருசம் தெரிஞ்சு திருப்பினனான் பிள்ளை. இதை மட்டும் தவறெண்டு எழுதினால் மற்றதெல்லாம் என்ன? அவங்கள்தான் எழுத்தில ஒண்டும் இல்லாமல் வந்து நிக்கிறாங்கள். நான் எழுதிறதாவது உண்மையா இருக்கட்டும். தெரிஞ்சே திருப்பினதெண்டு போடு. அவனுக்குத் தெரியாது எண்டதை வடிவா எழுது.”

விளக்கைக் கிட்ட வைத்து இன்னொரு தாளில் எழுதினேன். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒழுங்காப் படிச்சிருக்கிறானாமோ?” என்று கேட்டார்.

“தெரியாது அப்பா.”

“போறதெண்டு போனால் பெயில் விட்டுட்டு வரக்கூடாது. அது இன்னும் வெக்கம்.”

பேனாவால் கையொப்பம் வைத்தார். நான் மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். இதற்குள் வைத்திருக்கிறேன். இன்று ரயிலில் போனால் நாளைக் காலையில் உங்கள் கையில் இருக்கும்.

இனி ஒன்று. நீங்கள் கோபிக்கலாம். அப்பா கையொப்பம் வைத்துவிட்டு மேல் கழுவப் போன பிறகு, தாளில் இடம் மிச்சம் இருந்தது. அவருடைய பெயருக்குக் கீழே, ‘தபால்காரரின் கையில் கொடுத்தவள் நான். யாருடைய கடிதம் என்று எனக்கும் தெரியும்’ என்று எழுதி, பாக்கியரத்தினம் புஸ்பராணி என்று என் முழுப் பெயரையும் போட்டேன்.